சீரத்துக்கு அடங்காத கிருமி: 1992 மதராஸ் காலராவும் அறியாத டிஎன்ஏவை வாசிக்கும் வழிகளும்

வட சென்னையில் வாந்திபேதி முற்றினால் தண்டையார்பேட்டைக்குத்தான் கொண்டுபோவார்கள். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருக்கும் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனைக்கு நகரத்தின் காலரா நோயாளிகள் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். தாழ்வான நிலம், சாக்கடை சுமக்கும் பக்கிங்காம் கால்வாய், மழை வந்தால் குடிநீரோடு கலந்துவிடும் கழிவுநீர் என எல்லாம் சேர்ந்து, இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் எந்த மருத்துவருக்கும் காலராவைப் பழகிய நோயாக்கியிருந்தன. 1992 அக்டோபரில் மதராஸில் தலைகாட்டிய காலராவும் நோயாளியைப் பார்த்த அளவில் பழையதாகவே இருந்தது. அரிசி கழுவிய நீராகப் போகும் பேதி, சில மணி நேரத்தில் குழிந்துவிடும் கண்கள், கைக்கு அகப்படாத நாடி. அது புதிது என்று தெரிந்தது ஆய்வக மேசையில்.

காலரா சோதனை அப்போது நடந்த விதம் இது. நோயாளியின் மலத்தைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைப்பார்கள். மற்றக் கிருமிகள் திணறும் அந்தக் காரத்தில் காலராக் கிருமியான விப்ரியோ வேகமாகப் பெருகும். பிறகு டிசிபிஎஸ் என்னும் கரும்பச்சை ஊடகத் தட்டில் கம்பி வளையத்தால் கோடிழுப்பார்கள். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால், விப்ரியோ சர்க்கரையைத் தின்று அமிலம் விட்ட இடமெல்லாம் பச்சை போய் மஞ்சளாகியிருக்கும். அந்த மஞ்சள் புள்ளி ஒன்றைச் சாதாரண ஊடகத்தில் மறுபடி வளர்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீரில் கரைத்து, ஓ1 எதிர்ச்சீரம் ஒரு துளி விட்டு, தகட்டை விரலால் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார்கள். காலரா விப்ரியோ என்றால் அரை நிமிடத்தில் குருணை குருணையாகத் திரளும். மதராஸில் அந்த மாதம் கிடைத்த விப்ரியோக்கள் திரளவில்லை. துளி கலங்கலாகவே நின்றது.

பாடப்புத்தகப்படி இதற்குப் பொருள் எளிது. காலரா விப்ரியோவின் மேற்புறச் சர்க்கரைச் சங்கிலியைப் பொறுத்து அன்றைக்கு 138 சீர வகைகள் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றில் ஓ1 மட்டுமே கொள்ளைநோயாகும். மற்றவை ஆங்காங்கே ஒருவர் இருவரை வாட்டிவிட்டு ஓயும். ஆனால் இந்தக் கிருமி ஓயவில்லை. வேலூர், மதுரை, கல்கத்தா எனப் பரவி, ஆண்டு திரும்புவதற்குள் வங்கதேசத்தின் தென்பகுதிக்குள் நுழைந்தது. 1993-இன் முதல் சில மாதங்களில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். காலரா நிலைத்திருக்கும் ஊர்களில் அது வழக்கமாகக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும். பெரியவர்களுக்கு முந்தைய தொற்றுகளால் எதிர்ப்பு வந்திருக்கும். இந்த முறை வார்டுகளை நிறைத்தவர்கள் பெரியவர்கள். ஓ1-க்கு எதிராக அவர்கள் உடலில் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு இங்கே செல்லுபடியாகவில்லை. டோக்கியோவில் 138 சீரங்களோடும் சோதித்துப் பார்த்தார்கள், எதற்கும் அடங்கவில்லை. 139-வது வகை, அதாவது ஓ139, என்று எண் கொடுத்தார்கள். முதலில் பிடிபட்டது மதராஸில் என்றாலும், வங்காள விரிகுடாக் கரையோரம் கண்டது என்பதால் ‘பெங்கால்’ என்ற துணைப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இனிதான் என் விஷயம். சீரம் சொன்னது ‘இது அல்ல’ என்பதை மட்டும். எது என்று சொல்ல அதற்கு வழியில்லை. காலரா நச்சு மரபணுவின் துண்டை அடையாளமிட்டு இந்தக் கிருமியின் டிஎன்ஏவோடு ஒட்டவிட்டுப் பார்த்தபோது, அது எல் டோர் என்னும் பழைய ஓ1 வகை விப்ரியோவின் நச்சு மரபணுவோடு ஒத்துப்போனது. குரோமோசோமின் மற்றப் பல அடையாளங்களும் எல் டோரையே காட்டின. ஆக, உடல் தெரிந்த உடல். மேற்பூச்சு மட்டும் தெரியாதது. அந்த மேற்பூச்சைச் செய்யும் மரபணுக்கள் குரோமோசோமில் எங்கேயோ, முன்பின் யாரும் வாசித்திராத ஒரு நீட்சியாக உட்கார்ந்திருந்தன.

வாசிப்பதில் அன்றைய தடை அடிப்படையானது. ஃபிரெடெரிக் சாங்கர் 1977-இல் வெளியிட்ட முறையில் டிஎன்ஏவை வாசிக்க ஒரு பிரைமர் வேண்டும். அதாவது, வாசிக்கப் போகும் இடத்துக்குச் சற்று முன்னால் பொருந்தி உட்காரும், சுமார் 20 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு டிஎன்ஏ இழை. அதைச் செய்ய அந்த இடத்தின் வரிசை முன்பே தெரிந்திருக்க வேண்டும். டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆருக்கோ இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தை வாசிக்கத் தெரிந்த இடம் ஒன்றைக் கையில் பிடித்தாக வேண்டும் என்ற இந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் பாக்டீரிய மரபியலின் பாதித் தந்திரங்கள் பிறந்தன.

முதல் தந்திரம், தெரிந்த ஒன்றைத் தெரியாததற்குள் வீசுவது. டிரான்ஸ்போசான் என்பது குரோமோசோமில் கண்ட இடத்தில் தாவி உட்காரும் டிஎன்ஏ துண்டு. அதன் வரிசை முழுக்கத் தெரியும்; அதிலேயே ஒரு மருந்தெதிர்ப்பு மரபணுவும் இருக்கும். அதை ஆயிரக்கணக்கான ஓ139 கிருமிகளுக்குள் விட்டால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் போய் அமரும். அமர்ந்த இடத்தின் மரபணு கெட்டுவிடும். ஓ139-க்கு மேற்பூச்சாக ஒரு உறை உண்டு, ஓ1-க்குக் கிடையாது. அதனால் ஓ139 கூட்டங்கள் தட்டில் ஒளி ஊடுருவாமல் தடித்துத் தெரியும். ஆயிரம் தடித்த புள்ளிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் கண்ணாடியாகத் தெரிந்தால், அந்தக் கிருமியில் டிரான்ஸ்போசான் உறை மரபணுவுக்குள் விழுந்திருக்கிறது. தட்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து அந்த ஒரு புள்ளியைத் தேடுவதுதான் இந்த ஆய்வில் மிக நுட்பமான வேலை என்று எனக்குத் தோன்றும்; அதற்கு எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. பிறகு அந்தக் கிருமியின் டிஎன்ஏவை வெட்டு நொதியால் நறுக்கி, மருந்தெதிர்ப்பைச் சுமக்கும் துண்டை மட்டும் ஈ. கோலையில் பிடித்து வளர்த்து, டிரான்ஸ்போசானின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி வாசிக்கத் தொடங்கினால், முதல் எழுத்திலேயே அறியாத நிலத்தில் கால் வைத்தாகிவிடும்.

பால்டிமோரில் மேரிலாந்துப் பல்கலைக்கழகக் குழுவும், பாஸ்டனில் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ வால்டர், ஜான் மெக்கலானோஸ் குழுவும், நெதர்லாந்தின் பில்ட்ஹோவனில் ஃப்ரிட்ஸ் மூய் குழுவும், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பால் மானிங் குழுவும் 1994, 1995, 1996 ஆண்டுகளில் வேறு வேறு முனைகளிலிருந்து இந்த நீட்சியை நெருங்கினார்கள். ஓ1-இன் சர்க்கரைச் சங்கிலி மரபணுக்கள் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அந்தத் தொகுப்பின் ஓரங்களில் பிடி போட்டு உள்ளே நுழையவும் முடிந்தது. எல்லா முனைகளும் கடைசியில் ஒரே இடத்தில் சேர்ந்தன. எல் டோர் ஓ1-இல் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தொகுப்பு முழுசாகப் பெயர்க்கப்பட்டு, அதே இடத்தில் சுமார் 35,000 எழுத்து நீளமுள்ள வேறொரு தொகுப்பு உட்கார்ந்திருந்தது. இருபுறமும் இருந்த குரோமோசோம் அப்படியே எல் டோர்.

35,000 என்பது இன்றைக்கு ஒரு பொருட்டில்லை. அன்றைக்கு ஒரு வாசிப்பில் கிடைத்தது ஐந்நூறு எழுத்துச் சொச்சம். வாசித்து முடித்த இடத்தின் கடைசி எழுத்துகளைக் கொண்டு அடுத்த பிரைமரை வடிவமைத்து, அதைச் செய்து வரவழைத்து, மறுபடி ஐந்நூறு. ஒரு இழையை மட்டும் ஒரே மூச்சில் கடப்பதென்றாலும் எழுபது வாசிப்பு. சரிபார்க்க எதிர் இழையையும் வாசிக்க வேண்டும். பல ஆய்வகங்கள் துண்டு துண்டாக வெளியிட்டதற்குக் காரணம் போட்டி மட்டுமல்ல, இந்த மந்தமும்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கிருமி மதராஸில் பிடிபட்டது, இந்த வரிசைகளை வாசித்த மேசைகள் பெரும்பாலும் கடல் கடந்து இருந்தன. கல்கத்தாவின் தேசியக் காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் நோயைப் பின்தொடர்ந்ததிலும் வகைப்படுத்தியதிலும் முன்னணியில் நின்றது. ஆனால் மதராஸில் 1992-இல் பிடித்த எம்ஓ10, எம்ஓ45 என்ற கிருமிகள் உலக ஆய்வகங்களின் உறைபெட்டிகளுக்குப் போய், அங்கே புகழ்பெற்றன. இந்நகரத்தில் அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

தெரியாத பக்கத்துக்குள் பிசிஆரையே அனுப்பும் வழி ஒன்று இந்த வாசிப்புகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. 1988-இல் ஹோவர்ட் ஆக்மன், அன்னே கெர்பர், டேனியல் ஹார்ட்ல் மூவரும் விவரித்த தலைகீழ் பிசிஆர். வழக்கமான பிசிஆரில் இரு பிரைமர்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், நடுவிலுள்ளது பெருகும். இதிலோ இரண்டும் முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றன. நேரான டிஎன்ஏவில் இப்படி நிறுத்தினால் எதுவும் பெருகாது. எனவே முதலில் டிஎன்ஏவை வெட்டு நொதியால் நறுக்குகிறார்கள். தெரிந்த பகுதி நடுவிலும் தெரியாத பகுதிகள் இரு ஓரங்களிலும் அமைந்த துண்டு ஒன்று கிடைக்கும். அதன் இரு முனைகளையும் லைகேஸ் நொதியால் ஒட்டி வட்டமாக்குகிறார்கள், அரைஞாண் கயிற்றை முடிச்சுப் போடுவதுபோல. இப்போது வெளிப்பக்கம் பார்த்த பிரைமர்கள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு எதிர் எதிரே சந்திக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது இதுவரை வாசிக்கப்படாத பகுதி.

காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த முறை குழாயில் படுத்தும் பாடு வேறு. ஆறு எழுத்து அடையாளத்தில் வெட்டும் நொதி, சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒரு முறைதான் வெட்டும். துண்டு மிக நீளமானால் பெருகாது. நான்கு எழுத்து நொதி 256-க்கு ஒரு முறை வெட்டும். கிடைக்கும் புது எழுத்துகள் உழைப்புக்குக் கட்டுப்படியாகாது. ஒட்டும்போது கரைசல் செறிவாக இருந்தால் ஒரு துண்டின் முனை தன் மறுமுனையைச் சந்திக்காமல் பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். குரோமோசோமில் எங்கெங்கோ இருந்த இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து இருப்பதாக ஒரு பொய் வரிசை பிறக்கும். ஆகவே நன்றாக நீர்த்துப்போன கரைசலில்தான் ஒட்ட வேண்டும். பல நொதிகளைத் தனித்தனிக் குழாய்களில் போட்டுப் பார்த்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றைப் பட்டையாக எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். இதன் உறவுமுறைகளான, முனைகளில் தெரிந்த ஒட்டுத்துண்டை இணைத்துவிட்டுப் பெருக்கும் வழிகளும், ஒரு பக்கம் சரியான பிரைமரும் மறுபக்கம் குத்துமதிப்பான பிரைமருமாக நிறுத்தும் வழிகளும் இன்றும் சிறிய ஆய்வகங்களில் ஓடுகின்றன.

எம்ஓ10-இல் இன்னொரு அறியாத நீட்சியும் இருந்தது. அது இந்தத் தலைகீழ் உத்தியை இயற்கையே செய்துகாட்டிய இடம். கோட்ரைமாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளை இந்தக் கிருமி தாங்கியது. அந்தத் தாங்குதிறனை மற்றக் கிருமிகளுக்கும் கைமாற்றியது. ஆனால் அதைச் சுமக்கும் தனி வட்டமான பிளாஸ்மிட் எதுவும் அகப்படவில்லை. 1996-இல் வால்டர் குழு இதை, குரோமோசோமுக்குள் புதைந்திருந்து வேண்டும்போது கழன்று அடுத்த கிருமிக்குத் தாவும் ஒரு மூலகம் என்று காட்டியது. பெயர் எஸ்எக்ஸ்டி. பிஆர்எஃப்சி என்ற மரபணுவின் தொடக்கத்தில் அது நுழைந்து உட்காருகிறது என்று 1999-இல் தெரிந்தது. கழலும்போது அது தன் இரு முனைகளையும் தானே சேர்த்து வட்டமாகிறது. அதன் இரு ஓரங்களிலிருந்தும் வெளிநோக்கிப் பிரைமர் போட்டால், குரோமோசோமில் புதைந்த நிலையில் எதுவும் பெருகாது. கழன்று வட்டமானவை கொஞ்சமேனும் இருந்தால் மட்டும் ஒரு பட்டை வரும். இந்த மூலகம் முதலில் சுமார் 62,000 எழுத்து நீளம் என்று கணிக்கப்பட்டது. 2002-இல் முழுக்க வாசித்தபோது 99,500-ஐத் தொட்டது. வாசிக்காத டிஎன்ஏவுக்கு நீளம் சொல்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இதற்குள் முழு மரபணுத்தொகுதி வாசிப்பு வந்துவிட்டது. 1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே முதலில். 2000 ஆகஸ்டில் காலரா: எல் டோர் ஓ1 கிருமியான என்16961, இரண்டு குரோமோசோம்கள், 29,61,146 எழுத்தும் 10,72,314 எழுத்தும். இந்த வழியில் பிடி தேவையில்லை. டிஎன்ஏவைத் தாறுமாறாக உடைத்து, எல்லாத் துண்டுக்கும் ஒரே ஒட்டுத்துண்டை இணைத்து, எல்லாவற்றையும் வாசித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் எழுத்துகளை வைத்துக் கணினி கோத்துக்கொள்ளும். அறியாத நீட்சி என்ற பிரச்சினையே தீர்ந்ததுபோல இருந்தது. தீரவில்லை, இடம் மாறியது. காலராவின் இரண்டாம் குரோமோசோமில் சுமார் 1,25,000 எழுத்து நீளத்துக்கு சூப்பர்இன்டெக்ரான் என்ற பகுதி கிடக்கிறது. வந்தேறி மரபணுக்களின் நீண்ட வரிசை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரே மாதிரியான, 120-க்குச் சற்று மேற்பட்ட எழுத்துள்ள ஒரு தொடர். அந்தத் தொடர் நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. 150 எழுத்து நீளமாக வாசிக்கும் இயந்திரம் ஒன்று அதற்குள் விழுந்தால் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேரும் என்று சொல்ல முடியாது. கணினி அங்கே முறித்து விட்டுவிடும். அந்த முறிவுகளைக் கடக்க, ஓரங்களில் பிரைமர் போட்டு, பழைய பாணியில் நடந்துதான் போக வேண்டியிருந்தது. நானோபோர் போன்ற, ஒரே மூச்சில் பல்லாயிரம் எழுத்துகளைக் கடக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இந்த இடங்கள் இளகின.

என் உண்மையான கவலை வேறிடத்தில். இன்று நோய்க் கண்காணிப்பில் பெரும்பாலும் நடப்பது, வாசித்த குறுந்துண்டுகளைத் தெரிந்த ஒரு முன்மாதிரியின்மேல் பொருத்திப் பார்த்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுவது. மலிவு, வேகம், வம்சாவளி வரைய மிகப் பொருத்தம். 2011-இல் உலகெங்கும் பரவிய காலராவின் மூன்று அலைகளைப் பிரித்துக் காட்டியது இந்த வகை ஆய்வுதான். ஆனால் 1992 மதராஸ் கிருமியை இன்று என்16961-இன்மேல் பொருத்திப் பாருங்கள். 22,000 எழுத்து இடத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். 35,000 எழுத்துத் தொகுப்பு எங்கும் பொருந்தாது. எஸ்எக்ஸ்டியும் பொருந்தாது, என்16961-இல் அது கிடையாது. இரண்டின் துண்டுகளும் ‘பொருந்தாதவை’ என்ற கோப்பில் போய் விழும். யாரும் அந்தக் கோப்பைத் திறக்காவிட்டால், பெரியவர்களின் எதிர்ப்பாற்றலை வென்ற பூச்சும் மருந்தை வென்ற மூலகமும் குப்பையோடு போய்விடும். கையில் மிஞ்சுவது சாதாரண எல் டோர் என்ற முடிவு. எதிர்ச்சீரம் ஒரு துளி அதைவிட நேர்மையாக இருந்தது.

அந்த 35,000 எழுத்து எங்கிருந்து வந்தது? ஓ22 என்ற, கொள்ளைநோயாகாத ஒரு நீர்வாழ் விப்ரியோவின் தொகுப்போடு அது மிக நெருங்கியிருப்பதை 1998, 1999 ஆய்வுகள் காட்டின. வந்த வழியைப் பற்றிய நல்ல தடயம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிடைத்தது. காலரா விப்ரியோ நண்டு, இறால் ஓடுகளிலுள்ள கைட்டின்மேல் படிந்து வளரும்போது, சுற்றியுள்ள டிஎன்ஏவை உறிஞ்சும் திறன் அதற்கு வருகிறது என்று 2005-இல் கண்டார்கள். 2007-இல் மெலானி பிளோகெஷும் கேரி ஷூல்னிக்கும் கைட்டின்மேல் வளர்ந்த ஓ1 கிருமிக்கு ஓ139-இன் டிஎன்ஏவைக் கொடுத்து, அது ஓ139 பூச்சோடு மாறுவதைச் செய்தே காட்டினார்கள். மதராஸ் கிருமி உருவானது எந்த நீரில் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் எந்தக் கழிமுகமும் அதற்குப் போதும்.

எண்ணூர் முகத்துவாரம் அப்படியொரு கழிமுகம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் இடம். கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இன்னும் இறங்கும் தண்ணீர். அதில் சாக்கடை, அனல்மின் நிலையச் சாம்பல், வெந்நீர் எல்லாம் கலக்கின்றன. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து படர்ந்தது. இப்படிப்பட்ட நீரில் ஒரு குப்பி எடுத்து, வளர்க்காமல் உள்ளபடியே டிஎன்ஏ பிரித்து வாசித்தால் வருவதில் கணிசமான பகுதி எந்தத் தரவுத்தளத்திலும் பொருந்தாது. இங்கே அறியாமை இரட்டையாகிறது: வரிசையும் புதிது, அது யாருடையது என்பதும் தெரியாது. எண்ணெய் தின்னும் மரபணு ஒன்று அகப்பட்டால் அதைச் சுமப்பது எந்தக் கிருமி? மருந்தெதிர்ப்பு மரபணு என்றால் அது காலராவிலா, தீங்கில்லாத வேறொன்றிலா? துண்டுகளை எழுத்து விகிதத்தையும் செறிவையும் வைத்துக் கணினி மூட்டை கட்டும். எஸ்எக்ஸ்டி போலத் தாவும் மூலகங்கள் அந்த மூட்டைகளில் அடிக்கடி இடம் மாறி விழுகின்றன அல்லது எதிலும் சேராமல் நிற்கின்றன. நீளமாக வாசித்து, மூலகத்தையும் அதன் பக்கத்துக் குரோமோசோமையும் ஒரே இழையில் பிடித்தால்தான் உடைமையாளர் உறுதி.

ஓ139 பிறகு என்ன ஆனது என்பதையும் மரபணுத்தொகுதிகளே சொல்லின. 330 ஓ139 கிருமிகளை ஒப்பிட்டு 2022-இல் வெளிவந்த ஆய்வில், நச்சு மரபணு அமைப்பு பலவிதமாகப் பிரிந்துகொண்டே போனதும் மருந்தெதிர்ப்பு படிப்படியாகக் குறைந்ததும் அதன் வீழ்ச்சிக்குக் காரணமாக முன்வைக்கப்பட்டன. எட்டாவது உலகப் பரவல் என்று 1993-இல் அஞ்சியது நடக்கவில்லை. அந்த அச்சத்தின் விளைவாக ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்த வாய்வழித் தடுப்பூசி வந்தது. எஸ்எக்ஸ்டி மட்டும் தங்கிவிட்டது. 1994 வாக்கில் ஓ1 திரும்பி வந்தபோது அதே குடும்பத்து மூலகத்தைச் சுமந்துகொண்டு வந்தது.

சென்னையில் இன்று ஒரு காலராக் கிருமி பிடிபட்டால், அதைச் சில நாட்களில் முழுக்க வாசிக்க உள்ளூரிலேயே வழியிருக்கிறது. அதில் கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: பொருந்தாத துண்டுகளைத் தூக்கிப் போடாமல் தனியே கோத்துப் பார்க்க வேண்டும், கோத்ததில் புதிய நீட்சி ஏதும் குரோமோசோமில் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், அந்த ஒட்டின் இரு பக்கமும் பிரைமர் வைத்து ஒரு சாதாரண பிசிஆர் போட்டு, ஜெல்லில் பட்டை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கணினி கோத்ததில் நேர்ந்த பிழைக்கும் உண்மையான வரவுக்கும் வித்தியாசம் சொல்ல இன்னமும் அந்தப் பட்டைதான் வேண்டும்.